புதுப் பைப்பிலும் குறைகிற ஆயில்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான்தான், அண்ணி. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி இதை எழுதி முடிக்கவே எனக்கு ஒரு பகல் பிடித்தது. போனில் சொல்லலாம் என்றால் நீ நம்பரை மாற்றிவிட்டாய். நீ மெக்கானிக் வேலை பார்க்கிற லாரி ஷெட் விலாசத்தை உன் அக்காவிடம் கெஞ்சி வாங்கினேன். கொடுக்கும்போதே, "அவனைத் திட்டுறதுக்கு இன்னும் ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா" என்று கேட்டாள்.

திட்ட எழுதவில்லை. வண்டியில் பிரேக் ஆயில் குறைகிறது. அதைச் சொல்லத்தான்.

உன் அண்ணன் போன பிறகு ஏழு மாதம் பிக்கப் வண்டி பட்டறையிலேயே கிடந்தது. போன மாதம்தான் சரிசெய்து கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரி விரிப்பு வெளுக்கிறதை விட்டால் எனக்கு என்ன தெரியும்? மேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அழுக்குத் துணியை இறக்கவும் வெளுத்ததை ஏற்றவும் வண்டி வேண்டும். ஒரு டிரைவரை வைத்திருக்கிறேன். அவர் ரகசியம் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் மைக்செட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

மேட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விபத்து நடந்த மறுநாள் பட்டறைக்காரர், நீ மாட்டிய பின்சக்கரத்துப் பிரேக் பைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதில் விரிசல் இருந்தது. "இதான்மா ஆளைக் கொன்னது" என்றார். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் உன்னைக் கேட்டேன். "நீ மாட்டுன பைப்புதான் உங்க அண்ணனைக் கொன்னுச்சு. என் கண்ணு முன்னால நிக்காத" என்றேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் போனாய்.

இப்போது நாலு சக்கரத்துக்கும் புதுப் பைப்பு. இனி ஒரு சொட்டும் குறையாது என்று பட்டறைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பன்னிரண்டே நாளில் டப்பாவில் ஆயில் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. மைக்செட் நிரப்பினார். மறுபடியும் இறங்குகிறது. வண்டி என்றால் ஆயில் குடிக்கும், நாம் ஊற்றத்தான் வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொன்ன "ஒரு சொட்டும்" என்ற வார்த்தை மனதில் முள்ளாக நிற்கிறது. பழைய பைப்பில்தான் ஓட்டை என்றால் புதுப் பைப்பில் ஏன் குறைகிறது?

கிழிந்த விரிப்பு ஒன்றை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். கறை பார்க்கிறதுதானே என் பிழைப்பு. ரத்தமா, மருந்தா, துருவா என்று மோந்து பார்த்தே சொல்வேன். காலையில் எடுத்துப் பார்த்தால் நாய் படுத்துவிட்டுப் போன மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

கீழே விழாத ஆயில் எங்கேதான் போகிறது? எனக்காக வேண்டாம், உன் அண்ணனுக்காகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

வண்டியை நிறுத்துங்கள். படிக்கிற இந்த நிமிடமே சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுக்கு அனுப்பவே வேண்டாம். ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான்.

தபாலை நம்பாமல் அந்தப் பக்கம் வருகிற லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடுங்கள். போன் நம்பர் கேட்காதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது.

சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நாலு சக்கரத்தின் உள்பக்கம், பைப்பு ஓடுகிற வழி, ரப்பர் ஹோஸ், ஆயில் டப்பாவின் அடிப்பக்கம், எல்லா இடத்தையும் சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள். பெடலை நாலு தரம் மிதித்துவிட்டு, ஐந்தாவது தரம் மிதித்தபடியே காலை எடுக்காமல் வைத்திருங்கள். அது நிற்கிறதா, இறங்குகிறதா என்று எழுதுங்கள்.

பைப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.


பிப்ரவரி 9

தம்பிக்கு,

சாவி என் இடுப்பில் இருக்கிறது. மேட்டுக்கு வாடகை வண்டி போகிறது.

நீ சொன்னபடியே செய்தோம். விரிப்பைக் கைக்குட்டை அளவுக்குப் பதினோரு துண்டாகக் கிழித்தேன். ஆஸ்பத்திரித் துணிக்கு மார்க் போடுகிற மையால் ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்று எழுதினேன். மைக்செட் வண்டிக்கு அடியில் படுத்தபடி, "பின்பக்கம் எடது. காய்ஞ்சிருக்கு. பின்பக்கம் வலது. அதுவும் காய்ஞ்சிருக்கு" என்று கத்த, எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. முடிவில் தெருவுக்கே எங்கள் வண்டியின் உடம்பு நிலவரம் தெரியும்.

பட்டறைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். பிரேக் லைனிங் தேயத் தேய ஆயில் இறங்குவது இயற்கை, பெண்கள் பானெட்டைத் திறந்தால் இப்படித்தான் இல்லாத நோயெல்லாம் தெரியும் என்றார். எனக்கு வந்ததே கோபம். "இருபது நாளுல தேயுதுன்னா நீங்க போட்டது லைனிங்கா, சோப்புக் கட்டியா?" என்று கேட்டேன். மைக்செட் வண்டிக்கு அடியிலேயே சிரித்துத் தலையை இடித்துக்கொண்டார்.

பத்துத் துண்டில் கறுப்புத் தூசி மட்டும்தான். பதினோராவது, டப்பாவுக்கு அடியில் ஒரு நீட்டு இரும்பு இருக்கிறதே, அதன் பின்முனையில் துடைத்தது. அது பெரிய கறுப்பு உருண்டையில் போய் ஒட்டுகிற இடம். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஈரம். என்ஜின் எண்ணெய்தான் தெறித்திருக்கும் என்றார் பட்டறைக்காரர். நான் துண்டைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். சோப்பே போடவில்லை, கறை போய்விட்டது. எண்ணெய்க் கறை தண்ணீருக்குப் பயப்படாது, தம்பி. இது எண்ணெய் இல்லை. அந்த உருண்டையின் பெயிண்டும் அந்த இடத்தில் மட்டும் தீப்பட்ட தோல் மாதிரி கொப்பளித்து உரிந்திருக்கிறது.

பெடலை நான்தான் மிதித்தேன். மைக்செட் மிதிக்கிறேன் என்றார், விடவில்லை. உன் அண்ணன் சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தரம். அவர் கால் நீளம், சீட் பின்னுக்கே தள்ளிக் கிடக்கிறது, மைக்செட்டும் அதை நகர்த்தவில்லை, எனக்கு எட்டவில்லை. நுனியில் உட்கார்ந்து மிதித்தேன். முதலில் கெட்டியாக நின்றது. அப்புறம் ஈர மணலில் கால் வைத்த மாதிரி, மெதுவாக, மெதுவாக, தரை வரைக்கும் போய்விட்டது. அவருக்கும் இப்படித்தானே போயிருக்கும் என்று நினைத்ததும் காலை எடுக்க முடியவில்லை. மைக்செட் கதவைத் திறந்து இறக்கிவிட்டார். அந்த ஒரு தரம் மட்டும் அவர் சத்தமில்லாமல் இருந்தார்.

என்ன இது? சீக்கிரம் எழுது. லாரிக்காரரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் லாரி பம்பர் மேல் வைத்துப் படித்தேன், நின்றுகொண்டே மறுபடி படித்தேன், ஷெட் மேஸ்திரி என்னடா பேய் அடித்த மாதிரி நிற்கிறாய் என்று கேட்டார். அவருக்கும் படித்துக் காட்டினேன். தண்ணீரில் அலசிப் பார்த்ததாக வந்த இடத்தில், "இந்தம்மாவை இங்க வேலைக்குக் கூப்பிடு, உன்னை அனுப்பிடலாம்" என்றார்.

பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும். பெயிண்டைத் தின்னும். நீங்கள் பிடித்தது அதைத்தான்.

நீட்டு இரும்பு என்று எழுதினீர்களே, அதன் பெயர் மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். உருண்டை பூஸ்டர், நம் காலுக்குப் பலம் கொடுப்பது. அது உள்ளே வெறும் கூடு, ஒரு சொட்டு ஆயில் இருக்கக் கூடாது. சிலிண்டரின் பின்முனையில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அது தேய்ந்துபோனால் ஆயில் தரையில் விழாது. நேராகப் பூஸ்டர் வயிற்றுக்குள் போய்விடும். வெளியே ஓடாத ஆற்றை வெளியே தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நிச்சயமாகச் சொல்ல இன்னும் ஒரு வேலை இருக்கிறது. சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருப்பது இரண்டே நட்டு. இரண்டையும் கழற்றுங்கள். பைப்பைக் கழற்ற வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். சிலிண்டரை இரண்டு விரல் அகலத்துக்கு முன்னால் இழுத்து, அந்த இடைவெளியில் பூஸ்டருக்குள் ஒரு குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி விடுங்கள். காய்ந்து வந்தால் நான் சொன்னது தப்பு. நனைந்து வந்தால்...

நனைந்து வந்தால் எழுதுங்கள். லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், எந்த நேரமானாலும் நிற்பார்.


பிப்ரவரி 14

தம்பி,

நனைந்து வந்தது.

முதல் துணி பிழிகிற அளவுக்கு நனைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்து துணி விட்டேன், ஐந்தும். அப்புறம் மைக்செட் ஒரு ரப்பர்க் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார். ஒரு டம்ளர் நிறைய வந்தது. பழுப்பு நிறம், கைக்குச் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்குகிறது. பைப்பு எல்லாம் புதிது, சக்கரம் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. இங்கே ஒரு டம்ளர்.

நட்டைக் கழற்றியது நானே. ஒன்று சுலபமாக வந்தது. இன்னொன்று மசியவில்லை. பெரிய விரிப்பை முறுக்கிப் பிழிகிறபோது தோளைக் கொடுப்போமே, அப்படிக் கொடுத்தேன். படக்கென்று விட்டது. மைக்செட் போட்ட சத்தத்தில் பட்டறைக்காரர் ஓடி வந்தார். டம்ளரை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். மோந்து பார்த்தார். சிலிண்டரின் பின்முனை வாஷரை விரலால் தடவினார். "இது பழைய வாஷர்மா. நான் இதைத் தொடவே இல்லை. பைப்பைப் பார்த்ததும் அதுதான்னு நெனச்சுட்டேன்" என்றார்.

பழைய வாஷர். உன் அண்ணன் ஓட்டியபோது இருந்த அதே வாஷர்.

தம்பி, இது எழுதத் தெரியாத கை. சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, செத்தவர் செத்தவர்தான். ஆனால் எட்டு மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் மார்பு நிறைய மூச்சு விட்டேன். நீ இல்லை. நீ மாட்டிய பைப்பு இல்லை. தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் போல இருந்தது. அதை மைக்செட் பார்த்துக்கொண்டார்.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

படித்ததும் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அழுதேன். கழுவாத லாரி, முகமெல்லாம் கிரீஸ்.

அந்தப் பைப்பின் விரிசல் மோதியதில் வந்தது. வண்டியின் அடிச்சட்டம், சேஸிஸ், வளைந்த இடத்தில் அதுவும் வளைந்து விண்டிருக்கிறது. வண்டி மோதியதால் பைப்பு உடைந்தது, பைப்பு உடைந்ததால் வண்டி மோதவில்லை. எட்டு மாதமாக நான் இதை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் நினைப்பு ஆதாரம் ஆகாதே. சில நாள் எனக்கே என் கை மேல் நம்பிக்கை போய்விடும். மாட்டிய நட்டையே நாலு தரம் இறுக்குவேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால், பெடல் மெத்தென்று இருக்கிறது என்று அண்ணன் கூப்பிட்டு, நான் வந்து பார்த்தேன் அல்லவா? அன்றைக்கு ஆயில் டப்பா மேல்கோடு வரைக்கும் நிறைந்திருந்தது. சிலிண்டரின் பின்முனை துளி ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. அதனால்தான் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பின்னால் துருப்பிடித்த பைப்பு ஒன்று கண்ணில் பட்டது, அதை மாற்றினேன். வாஷர் அப்போதே போயிருந்தால் டப்பா எப்படி நிறைந்திருக்கும்? முனை எப்படிக் காய்ந்திருக்கும்?


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கேள்வி வந்து இரண்டு நாள் ஆகிறது. லாரிக்காரர் நேற்று வந்து வெறும் கையோடு போனார்.

டப்பா நிறைந்திருந்தது, நான் நிரப்பினதால். முனை காய்ந்திருந்தது, நான் துடைத்ததால்.

உன் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். இந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் இந்தப் பாட்டிலிலிருந்து ஊற்று என்றார். ப்ளீச்சிங் பவுடர் டின்னுக்குப் பக்கத்தில்தான் பாட்டில் இருக்கும். முதலில் மாதம் ஒரு தரம் ஊற்றினேன். அப்புறம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். "அவன்கிட்ட சொல்லாத. சொன்னா வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு மூணு நாள் உக்காந்துருவான். விரிப்பு இல்லாம மேட்டுல ஆபரேஷனை நிறுத்தி வைப்பாங்களா?"

சரி என்று விட்டுவிட்டேன். குடத்தில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம் அந்த முனையில் ஈரம் இருக்கும். நான் சிந்தினது என்று நினைத்துத் துடைத்துவிடுவேன். கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, உனக்குத் தெரியுமே. நீ வரப்போகிறாய் என்று தெரிந்ததும் முந்தின நாளே கோடு வரைக்கும் ஊற்றி, அந்த இரும்பையே பளபளவென்று தேய்த்து வைத்தேன். மெக்கானிக் தம்பி வந்து பார்க்கிற வண்டி அழுக்காக இருக்கக் கூடாது என்று.

நீ பார்க்க வேண்டிய கறையை நானே வெளுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் தங்கை பிரசவத்துக்குப் போனேன். பதினோரு நாள். இரண்டு சனிக்கிழமை. பாட்டிலை உன் அண்ணனுக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போகவில்லை. திரும்பி வருவதற்குள் தகவல் வந்துவிட்டது.

உன்னைப் பார்த்துக் கொன்றாய் என்று சொன்ன வாய் இது. அந்த வார்த்தையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? வைக்க என்னைத் தவிர வேறு இடம் தெரியவில்லை. நீ இனி எழுதாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன். தெரிந்த உண்மையைச் சொல்லாமல் உன்னிடமிருந்து கடிதம் வாங்க முடியாது, அதனால் எழுதினேன்.

அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன பிறகு நான் மறைப்பது நியாயம் இல்லை.

அன்றைக்கு பானெட்டைத் திறந்ததும் முதல் கேள்வியாக அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன். "ஆயில் கொறையுதாண்ணே?" "இல்லடா. பெடல்தான் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. சீக்கிரம் முடி, லோடு நிக்குது."

இதை நான் சாவு வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். செத்துப்போனவனைப் பொய்க்காரனாக்கி நான் நல்லவனாக வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. அவன் குறையவில்லை என்று சொன்னாலும், டப்பா நிறைந்திருக்கும்போது பெடல் மெத்தென்று இருந்தால் சிலிண்டரை இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நட்டு, பத்து நிமிடம். துருப்பிடித்த பைப்பு கிடைத்ததும் குறை கிடைத்துவிட்டது என்கிற குஷியில் தேடுவதை நிறுத்திவிட்டேன். பட்டறைக்காரரும் அதே பைப்பைப் பார்த்து அதே இடத்தில்தான் நின்றார். அவரை நான் என்ன சொல்ல?

அவன் மறைத்தான், நீங்கள் துடைத்தீர்கள், நான் பார்க்கவில்லை. மூன்று பேருமே வண்டி நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தோம். அந்த வார்த்தையை நீங்கள் ஒருத்தரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஊற்றியதால் அவன் சாகவில்லை, அண்ணி. நீங்கள் ஊற்றியதால்தான் அத்தனை மாதம் அந்த இறக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தான்.

லாரிக்காரரிடம் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். புது மாஸ்டர் சிலிண்டர். பூஸ்டரைக் கழற்றி, உள்ளே ரப்பர் ஊறிப் போயிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பட்டறைக்காரரே மாட்டுவார். நான் வருவது சரிப்படாது. அந்த வாசலில் அத்தனை பேர் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.


பிப்ரவரி 27

தம்பி,

முதுகில் ஒட்டியதை எடுக்கிற வேலையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வாசலில் நின்றிருந்தவர்களில் யார் யார் ஞாபகம் வந்தார்களோ, அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். சொத்து பிரிக்கப் போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். வாஷரைச் சொன்னேன், பாட்டிலைச் சொன்னேன், தங்கை வீட்டுப் பதினோரு நாளையும் சொன்னேன். ஆயில் குறையவில்லை என்று உன் அண்ணன் உன்னிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய், பரவாயில்லை. அவர் நல்லவர், அன்றைக்கு அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

முடித்ததும் உன் அக்கா எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நின்றேன். என் தோளில் பளீரென்று ஒன்று வைத்தாள், அப்புறம் அதே தோளில் சாய்ந்து அழுதாள். "ரெண்டு தம்பியையும் ஒரே நாள்ல தொலைச்சேனேடி. ஒருத்தனையாச்சும் திருப்பிக் கொண்டா" என்றாள்.

பட்டறைக்காரர் நேற்று வந்து பார்சலைக் கொடுங்கள், மாட்டித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். நான் கொடுக்கவில்லை. மைக்செட் தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். வாடகை வண்டியில் போகிறது அவருக்குக் கௌரவக் குறைச்சலாம். ஒருத்தர் கையும் அதில் பட விடவில்லை. பிரிக்காமல் அப்படியே அலமாரியில் இருக்கிறது. உன் அண்ணன் வண்டிக்கு நீதான் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு, அந்த இறக்கத்தில் முதல் தரம் இறக்கும்போது பக்கத்துச் சீட்டில் நான் உட்காருவேன்.

அதுவரைக்கும் அந்தப் பார்சலுக்குக் கத்தரிக்கோல் கிடையாது.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

பார்சலைப் பிரித்திருந்தாலும் யாராலும் மாட்டியிருக்க முடியாது. உள்ளே சிலிண்டர் மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் பூஸ்டருக்கும் நடுவில் வைக்கிற ரப்பர் ரிங்கை நான் அனுப்பவில்லை. கட்டும்போதே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ரிங் இல்லை என்று நீங்கள் எழுதுவீர்கள், அதைச் சாக்காக வைத்துக் கிளம்பலாம் என்று இருந்தேன்.

லாரிக்காரர் வியாழக்கிழமை காலை கிளம்புகிறார். இந்தக் கடிதத்தை அவர் கொண்டுவர மாட்டார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே கொண்டுவருகிறேன்.